இடது பக்கம் வரலீங்க

சென்ற வாரம் செம்மேட்டில், பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் செல்போன் கடைக்குப் போயிருந்தேன். சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்த போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். அவர் போனின் முதுகைக் கழற்றினார். ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயனை எடுத்து, பேஸ்ட் டப்பாவில் ஒரு முறை தொட்டு, உள்ளே வைத்தார். சின்னதாக ஒரு புகை. குங்கிலியத்தையும் சுட்ட தகரத்தையும் கலந்தது போன்ற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க, தலை சுத்துதுங்களா? உக்காருங்க” என்றார் கடைக்காரர்.

“இல்லீங்க, செத்த நேரங்கழிச்சு வாரேன்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த வாசனை அது. சிலருக்கு மல்லிகை, சிலருக்குப் புது நோட்டுப் புத்தகம், எனக்கு சால்டரிங் பேஸ்ட். காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவில் யார் வீட்டு ரேடியோ, மிக்ஸி, டார்ச் லைட் கெட்டாலும் என் கைக்குத்தான் வரும். திரும்பிப் போனவை குறைவு. பிரிப்பதில் இருந்த வேகம் பூட்டுவதில் இருந்ததில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்த மொத்த ஞானமும் இரண்டே சொல்தான்: லூஸ் காண்டாக்ட். டிவி தெரியவில்லையா, லூஸ் காண்டாக்ட். மோட்டார் ஓடவில்லையா, அதுவும் அதுதான். பத்துக்கு ஏழு தடவை அது சரியாகவும் இருந்துவிடும். அதனால்தான் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்தத் திமிரோடுதான் மலையேறி செம்மேட்டுக்கு வேலைக்கு வந்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோ. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதும், மைக்கும் ஒயரும் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஒருநாள் மதியம், சந்தைக்கு வந்த பெண் ஒருத்தி கடைக்குள் நுழைந்து மேசைமேல் ஒரு மெமரி கார்டை வைத்தாள். கைக்குட்டையில் நான்கு மடிப்பு மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“இதுல இருக்கறதெல்லாம் வேற கார்டுக்கு மாத்திக் குடுங்க. அழிஞ்சு போயிரக் கூடாதுங்க.”

“என்ன பாட்டுங்க?”

“பாட்டு இல்லீங்க. சும்மா.”

அந்தச் சும்மாவில் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கீபோர்டில் ஒரு மெட்டு, பின்னால் எங்கோ குழாய் சொட்டும் சத்தம். அவள் வாழவந்தி நாட்டுக்காரி, அதே மலையில் இன்னொரு ஊர். வீட்டில் மரவள்ளியும் மிளகும். திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் நான்கு வருஷம் இருந்திருக்கிறாள். விடுதியை விட்டுப் போன யாரோ விட்டுச்சென்ற பழைய கீபோர்டில், இரண்டு கட்டை வேலை செய்யாத ஒன்றில், தானாகவே வாசிக்கப் பழகியிருக்கிறாள். மற்றவர்கள் தூங்கட்டும் என்று குளியலறையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தாளாம்.

“இதெல்லாம் யாரு போட்டது?”

“நாந்தாங்க. அந்தத் தண்ணி சத்தத்தை எடுத்துர முடியுங்களா?”

முடியும் என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அவளும் வாரம் ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். தண்ணீர்ச் சத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவள் பெயர் வளர்மதி. நாங்கள் இருவரும் சேர்ந்து பின்னணி இசை செய்ய ஆரம்பித்த கதை அவ்வளவுதான். யார் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கேட்டார்கள். விவசாய வீடியோ போடுகிறவர்கள், தங்கும் விடுதி விளம்பரக்காரர்கள், பள்ளி ஆண்டு விழா, குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பையன்கள். வளர்மதி முதலில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பாள். பிறகு சத்தத்தோடு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. பேசுகிறவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எங்கே தொண்டையைச் செருமுகிறார் என்று காகிதத்தில் சின்னக் கோடுகளாகப் போட்டுக்கொள்வாள்.

“அவங்க மூச்சு விடற எடத்துலதாங்க நாம நொழையணும். பேசறப்ப நடுவுல போயி நின்னுக்கக் கூடாது.”

பின்னணி இசைக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

சந்தைக்குப் பின்தெருவில் எங்கள் வாடகை வீடு. அதன் பின்னறை முன்பு மிளகு போட்டு வைத்த அறை. சுவர் முழுக்கச் சாக்கும் பழைய கம்பளியும் தொங்கவிட்டு அதை ரெகார்டிங் அறையாக்கினோம். எத்தனை முறை கழுவியும் மிளகு நெடி போகவில்லை. புதிதாக வந்த யாரும் தும்மாமல் வெளியே போனதில்லை. புல்லாங்குழல் வாசிக்க நாமக்கல்லிலிருந்து வந்த ஒருவர் எட்டு தும்மல் தும்மினார். அதில் ஒன்று தாளத்தில் சரியாக விழுந்திருக்கிறது என்று வளர்மதி அதை வைத்துக்கொண்டாள். எந்த வீடியோவில் என்று சொல்லமாட்டேன். மழை வந்தால் தகரக் கூரை பேச ஆரம்பித்துவிடும், வேலை நிற்கும். சந்தை நாளில் வேலையே கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலில் சாமையைப் போட்டு ஆட்டி ஒரு தாளம், முறத்தில் கேழ்வரகைச் சரித்து ஒரு சத்தம் என்று அவள் எதையாவது கொண்டுவருவாள். நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு வாத்தியத்தையும் எந்த அளவில், எந்தப் பக்கம் வைப்பது என்று பார்ப்பது மிக்ஸிங். கடைசியாக, போனில் கேட்டாலும் பஸ்ஸில் கேட்டாலும் ஒரே மாதிரி இருக்கும்படி மொத்தத்தையும் பக்குவம் பண்ணுவது மாஸ்டரிங். இரண்டும் வளர்மதிதான். என் காதுக்கு எல்லாமே நன்றாக இருக்கும், அதனால் அது எதற்கும் உதவாது. முடித்ததைப் பென் டிரைவில் போட்டு, தெரிந்த டிரைவர் ஒருவரின் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் உறுமலைத் தாண்டி அது கேட்கிறதா என்று பார்ப்பாள். ஐம்பதாவது வளைவில் எனக்கு வாந்தி வரும். அவள் “குழல் செத்த கூடுதலா இருக்குதுங்க” என்பாள்.

கை என்னுடையது, காது அவளுடையது. அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

சிறுதானியம் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது அந்தச் சமயத்தில்தான். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். இது நாற்பது நிமிடம். மலையில் விதைப்பிலிருந்து அறுவடை வரை. செம்மேட்டிலேயே திரையிடப் போவதாகவும், சனிக்கிழமைக்குள் இசை வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் இருவர் பெயரும் தனி எழுத்தில் திரையில் வரும் என்றார்கள். வளர்மதி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே வாழவந்தி நாட்டுக்குப் போன் போட்டு, அவள் அப்பாவிடம் முழுப் பெயரையும் எப்படி எழுதுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் இரண்டு நிமிடத்தில் கழற்றினாள்.

“ஏனுங்க, எடது பக்கம் சரியா வரலீங்க.”

அந்த ஹெட்போன் முன்பே மூன்று முறை அதே இடது பக்கத்தில் அறுந்து, மூன்று முறையும் நான்தான் பற்றவைத்திருந்தேன். வாங்கி என் தலையில் மாட்டினேன். எனக்கு இரண்டு பக்கமும் வந்தது. அவளிடம் கொடுத்தேன். இல்லை என்றாள்.

“ஒயரு உள்ள விட்டுப்போயிருக்குது. தலையை ஆட்டறப்ப விடுது. லூஸ் காண்டாக்ட்” என்றேன்.

“காது அடைச்சாப்லயும் இருக்குதுங்க.”

“முந்தாநேத்துதான கீழ போயிட்டு வந்தம். மலையேறுனா அடைக்கத்தான் செய்யும்.”

அவள் இடது காதை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தாள். பிறகு, “ஒருவேளை காதா இருக்குங்களா?” என்று கேட்டாள்.

“காதெல்லாம் ஒரே ராத்திரியில போயிராது புள்ள” என்றேன். சிரித்தேன்கூட. அயனைச் சூடாக்கிப் பேஸ்டில் தொட்டேன். அந்தப் புகை என் முகத்தில் அடிக்க, அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயோடு ஒயரைப் பற்றவைத்தேன்.

காது ஒரே ராத்திரியில் போகும். அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

புதன்கிழமை அவள் வேறொன்று சொன்னாள். பதிவில் ‘ங்ங்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதாம், மெல்லிசாக, விடாமல். எனக்கு அப்படிச் சத்தம் என்றால் எர்த்து, கரண்ட்டை மண்ணில் இறக்கும் ஒயர் சரியில்லை என்று அர்த்தம். வீட்டுக்குப் பின்னால் எர்த்துக் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்று, “என்னங்க தம்பி, புதையலா?” என்றார். நானும் ஏதோ சொல்லிச் சிரித்தேன். உள்ளே போய்ச் சத்தம் போய்விட்டதா என்று கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஃபிரிட்ஜை அணைத்தேன். ஃபேனை அணைத்தேன். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கி மாட்டினேன். அதற்குள் பொழுது போய்விட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், எனக்குக் கோபம் வந்துவிட்டது. மெயினையே இறக்கினேன். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்தது. ஸ்பீக்கர் அணைந்தது. தெருவிலும் அந்த நேரம் ஒரு வண்டி இல்லை. வளர்மதி பின்னறை நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன்கூட இல்லை.

“இப்ப?” என்றேன்.

“கேக்குதுங்க.”

“எங்கிருந்து?”

அவள் கையைத் தூக்கி எந்தப் பக்கமும் காட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு, “பக்கத்துத் தோட்டத்து மோட்டாரா இருக்கும்” என்று சொல்லி மெயினை மேலே தள்ளினேன். கரண்டே இல்லாத வீட்டில் ஒருத்திக்கு இரைச்சல் கேட்கிறது. அந்த இரைச்சல் எங்கே இருக்க முடியும்? இன்றைக்கு எழுதும் இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை புது ஹெட்போன் வாங்க நாமக்கல் போனேன். நான் வழக்கமாகப் போகும் கடை. அங்கே ஒன்றை மாட்டி, இன்னொன்றை மாட்டி, ஒரு மணி நேரம் பார்த்தேன். கடைக்குப் பக்கவாட்டில் ஒரு மாடிப்படி. படியோரம் பச்சை எழுத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழேதான் பையை வைத்துவிட்டு ஒயரைச் சுருட்டினேன். வருஷக்கணக்காக அந்தக் கடைக்குப் போய்வருகிறேன், பலகையும் அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். அன்று அதைப் படித்ததும் நினைவிருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. வளர்மதி பின்னறையில் இல்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய ஹெட்போன். நான் புதியதைப் பிரித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“திருப்பி மாட்டிப் பாத்தனுங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“வலதை எடதுலயும் எடதை வலதுலயும். அப்பவும் எடது காதுலதாங்க வரலை.”

புதியதைத் தரையில் வைத்தேன். திருப்பி மாட்டிப் பார்ப்பது பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் சொல்லித்தருவது. கோளாறு ஒயரிலா, ஒயர் போய்ச் சேரும் இடத்திலா என்று கண்டுபிடிக்க இரண்டையும் மாற்றிப் போடு. அரை நிமிட வேலை. நான்கு நாள் குழி தோண்டினேன், பற்றவைத்தேன், மலையிறங்கி ஏறினேன். அந்த அரை நிமிடம் எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். தோன்றினால் என்ன விடை வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

“எப்பப் பாத்த?”

“மத்தியானம். நீங்க பஸ்ஸுல இருப்பீங்க, போன் பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்.”

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். அதே மாடிப்படி. மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு இசைக்கவையைத் தட்டி வளர்மதியின் நடு நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது என்றாள். அவர் முகம் மாறியது; கோளாறு காது நரம்பில் என்று அதற்கு அர்த்தமாம். பரிசோதனை அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னப் பெட்டி போன்ற அறை. உள்சுவர் முழுக்க முட்டை முட்டையாக ஃபோம். கதவு அத்தனை கனம். சாக்கும் கம்பளியும் தொங்கவிட்டு நாங்கள் கட்ட நினைத்தது இதைத்தான். கதவைச் சாத்தியதும் வெளி உலகம் இல்லாமல் போகும் ஓர் அறை. என் புத்தியைப் பாருங்கள், அந்த நேரத்திலும் இந்த ஃபோம் எங்கே கிடைக்கும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

உள்ளே அவள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நான். முதலில் வலது காது. அவள் கட்டைவிரல் அழுத்தியது, அழுத்தியது, எனக்குத் தெரிந்து யாருக்கும் கேட்காத சத்தத்துக்கெல்லாம் அழுத்தியிருக்கும். சோதித்த பெண்கூட நல்ல காது என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு இடது. விரல் பட்டன்மேல் இருந்தது. அந்தப் பெண் திருகைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். திருகு எங்கே போய் நிற்கிறது என்று நானும் பார்த்தேன். விரல் அசையவில்லை. வளர்மதி அந்த விரலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னுடைய விரல் இல்லை என்பதுபோல.

“எப்ப இருந்துமா?” என்றார் மருத்துவர்.

“செவ்வாக்கெழமைல இருந்துங்க.”

“இன்னிக்குச் சனிக்கிழமை. அன்னிக்கே ஏன் வரலை? இது உடனே பாக்க வேண்டியது.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வளர்மதி, “வேலை இருந்துச்சுங்க. முடிச்சுட்டு வரலாம்னு நாந்தான் இருந்துட்டேன்” என்றாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஆமாம், தலையாட்டினேன். காது போனதற்கு என் அறியாமை காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது?

மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள் ஊசி போட்டார்கள். ஊசி போடும் நாளில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரம் ஏறி இறங்கினோம். கடைசி முறை, கேட்கும் திறன் ஒருவேளை திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது, “செவ்வாக்கெழமையே வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. அன்னிக்கே வந்தும் சிலருக்குத் திரும்பறதில்லை. ஆனா சீக்கிரம் வந்தா வாய்ப்பு கூட.”

“அவ அன்னிக்கே காதுன்னு சொன்னாளுங்க. நாந்தாங்க ஒயருன்னு சொன்னேன்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் வளர்மதிக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொன்னது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

படத்துக்காரர்கள் நல்லவர்கள், தேதியைத் தள்ளிவைத்தார்கள். மீதியை நான் முடிக்க உட்கார்ந்தேன். அந்த நான்கு நாளில் அவள் செய்து வைத்த வேலைகள் தேதி வாரியாகக் கம்ப்யூட்டரில் இருந்தன. செவ்வாய்க்கிழமையதைத் திறந்தேன். இடது பக்கம் கொஞ்சம் உரக்க இருந்தது. புதன்கிழமையதில் இன்னும் உரக்க. வியாழனில் இடது பக்கக் குழல் காதைக் கிழித்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். தனக்குக் குறையக் குறைய அவள் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறாள். ஒரு காது போகப் போக அது போன அளவு எனக்கு முன்னால் பதிவாகி இருந்தது. அந்த நான்கு நாளில் ஒருமுறை, ஒரே ஒருமுறை நான் அவள் செய்த இசையைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்போனைத் திருப்பித் திருப்பி வலது காதில் மாட்டி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டுச் சொன்னாள். “இந்தப் பக்கம் அந்தப் பக்கத்துக்குப் பொருந்துங்களா?” என்று முதல்முறையாக என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல ஏதோ சொன்னேன். அப்படித்தான் நாற்பது நிமிடத்தையும் முடித்தோம்.

திரையிட்ட அன்று வாழவந்தி நாட்டிலிருந்து அவள் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி ஸ்பீக்கர். இரண்டாவது வேலை செய்யவில்லை என்றார்கள். எங்கள் பெயர் திரையில் வந்தது, அவள் அப்பா எழுந்து நின்று பார்த்தார். நாங்கள் இடது, வலது என்று பிரித்துப் பிரித்து வைத்த அத்தனையும் அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து ஒன்றாக வந்தது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. வளர்மதி என் பக்கம் சாய்ந்து, “இவங்களுக்கும் ஒரு காதுதானுங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் அவள் மெட்டுப் போடுகிறாள், முன்பைவிடக் குறைவான வாத்தியத்தில். மாஸ்டரிங்கைச் சேலத்தில் ஒருவருக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் நன்றாகவே செய்கிறார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்பதை விட்டுவிட்டோம். வெளியே போனால் நான் எப்போதும் அவள் வலது பக்கம்தான் நடக்கிறேன். அதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டரிடம் ஏன் வேலை இருந்தது என்று சொன்னாய் என்று கேட்டேன். “வேலை இருந்துச்சுல்லங்க” என்றாள். குழம்பு ஊற்றினாள்.

நேற்று மரவள்ளித் தோட்டத்தில் இருந்தோம், அவள் அப்பா கொடுத்த அரை ஏக்கர். நான் மேல் வரப்பில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்தாள். கேட்டுவிட்டது. ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒரு காதுக்குத் திசை கிடையாது என்று மருத்துவர் சொன்னது அன்று எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது. வலது பக்கச் சரிவைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். நான் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் கையில் களைக்கொத்தியோடு அப்படியே நின்றாள், எந்தப் பக்கமும் திரும்பாமல், நான் இறங்கி வந்து கண்ணில் படும்வரை.